கவர்னருக்கு வாங்கிய வரிக்குதிரைச் சட்டை

உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவு படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எவ்வளவு பெரிய தொகையைக் காட்டினாலும் அதை வருடத்தால் வகுத்து, மாதத்தால் வகுத்து, கடைசியில் "ஒரு நாளைக்கு இவ்வளவுதானே" என்று சொல்லிச் சிரிப்பார்கள். தொகை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். வகுத்தவனுக்கு மட்டும் அது கைக்கு அடக்கமாகத் தெரியும். எனக்கு இந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான் என் அக்கா சரோஜா என்னை நம்பி ஒரு குதிரைச் சட்டையை ஒப்படைத்துவிட்டுப் பதுளைக்குப் போனாள்.

குதிரைக்குச் சட்டையா என்று சிரிக்க வேண்டாம். முதலில் நானும் சிரித்தவன்தான்.

அக்கா ஆறு வருடம் ஜோர்டானில் கார்மென்ட்ஸில் தைத்துவிட்டு ஊருக்கு வந்தவள். மலைநாட்டில் எல்ல என்ற ஊருக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். வெளிநாட்டில் உழைத்து வருகிறவர்கள் வீட்டுக்கு மேல்மாடி கட்டுவார்கள், இல்லாவிட்டால் ஆட்டோ வாங்குவார்கள். எங்கள் வரிசை வீடுகளான லயமே அப்படி எதிர்பார்த்து நின்றபோது ஒரு லொறி வந்தது. அதிலிருந்து ஒரு பெரிய குதிரையும், நாய்க்கும் குதிரைக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஒரு குட்டைக் குதிரையும் இறங்கின. எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்களைத் தேயிலை ரோட்டில் சவாரி கூட்டிப் போவதாக அக்காவின் திட்டம். வெயிலில் அலைந்ததில் சரோஜாவுக்கு மூளை காய்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். (பேசியவர்களில் நான் முக்கியமானவன்.) அடுத்த சீசனிலேயே அவள் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சண்டை போடவில்லை, சம்பாதித்துக் காட்டினாள்.

பெரிய குதிரையின் பெயர் கவர்னர். நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்வு பெற்றவர். ஓடிய பந்தயம் ஒன்றிலும் அவர் ஜெயித்ததில்லை. ஆனால் அந்த நடையையும் கழுத்தைத் தூக்கி ஆளைப் பார்க்கிற பார்வையையும் கண்டால், மற்ற குதிரைகள்தான் அவசரப்பட்டுவிட்டன என்று தோன்றும். (அக்காவை "அவள்" என்றும் குதிரையை "அவர்" என்றும் எழுதுகிறேனே என்று கேட்காதீர்கள். அவரைப் பார்த்த யாரும் கேட்டதில்லை.) பெரிய ஆட்களைச் சுமக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். வீட்டு வருமானத்தில் பெரும்பகுதி அவர் முதுகில்தான் வந்தது.

அப்படிப்பட்டவருக்குச் சொறி வந்தது. மழை விட்டுப் புழுக்கம் ஏறும் நாட்களில் கொட்டில் தூணில் போய் உரச ஆரம்பிப்பார். உரசி உரசித் தூண் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பிடரி மயிர் போய், வால் தேய்ந்த விளக்குமாறு மாதிரி ஆகி, தோல் சிவந்து புண்ணானது. லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வேப்பெண்ணெய் பூசினோம். சொறி போகவில்லை, சவாரிக்கு வந்தவர்கள்தான் போனார்கள். வந்தவர்கள் கவர்னரைப் பார்த்து முகம் வாடி, தங்கள் மொழியில் ஏதோ இரக்கமாகச் சொல்லிவிட்டு நடந்தே எல்லவுக்குத் திரும்பினார்கள்.

பதுளையிலிருந்து மிருக வைத்தியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குதிரையிடம்கூட மரியாதையாகப் பேசுகிறவர். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது தொத்து வருத்தம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னக் கொசு கடிக்கிறதுக்கு இவற்ற உடம்பு ஏற்காமல் வாற சொறி. மருந்து தாறன், ஆனா கொசு அண்டாமல் மூடி வச்சால்தான் நிக்கும்" என்றார். வெளிநாடுகளில் இதற்கென்றே வலைத்துணியில் போர்வை தைத்து விற்கிறார்களாம். கழுத்திலிருந்து வால் வரை, வயிற்றுக்குக் கீழேயும் சேர்த்து, ஆளை முழுசாக மூடுமாம்.

அதற்குள் நுவரெலியாவில் ஏரிக்கரையில் சவாரி விடும் ஒருவர், கவர்னரை விலைக்குக் கேட்டு வந்துவிட்டார். அவரிடம் போகிற குதிரை விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஏரியைச் சுற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சீசன் தொடங்குவதற்குள் புண் ஆறாவிட்டால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அக்கா அவருக்கு வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு குசினிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, ஆனால் தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. அன்று எங்கள் வீட்டில் தேங்காய் போட்டு எதுவும் சமைக்கவில்லை.

ஃபோனில் போர்வைகளைத் தேட ஆரம்பித்தோம். மலிவானவையும் இருந்தன. ஆனால் அவை ஒரு பருவம் தாங்கினாலே பெரிய காரியம் என்று வாங்கினவர்கள் எழுதியிருந்தார்கள். குதிரை படுக்கும், உருளும், தூணில் உரசும். அதற்குத் தாங்க வேண்டும், காற்றும் போக வேண்டும், கொசுவும் நுழையக் கூடாது. மூன்று வருடம் வரும் என்று விற்கிறவர்கள் எழுதியிருந்த நல்ல போர்வை, கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தொட்டது. அக்கா ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் என் வியாதி வேலை செய்தது. லட்சத்தை மூன்றால் வகுத்தேன், பிறகு முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தேன்.

"அக்கா, ஒரு நாளைக்கு ஒரு பால் டீ காசுதான் வருது. நாம என்ன, கவர்னருக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்க மாட்டமா?"

அக்கா என்னை ஒருமுறையும் கொட்டிலை ஒருமுறையும் பார்த்தாள். இதில்தான் நான் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். வெள்ளை நிறம் கொஞ்சம் மலிவு. வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைக் கோடு போட்டது கொஞ்சம் விலை கூட. கோடுகளைக் கண்டால் பூச்சிகளுக்குக் கண் தடுமாறி உட்கார முடியாது என்று எழுதியிருந்தது. நான் கோடு போட்டதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பூச்சியைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. அந்தக் கோட்டில் நான் விளம்பரத்தைப் பார்த்தேன்.

பார்சல் வந்தது. சட்டையை மாட்டியதும் கவர்னர் ஆபிரிக்காவிலிருந்து நேராக வந்து இறங்கியவர் மாதிரி நின்றார். கேலி செய்யலாம் என்று கூடியவர்கள் அவர் நின்ற தோரணையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். என்ன போட்டாலும் எடுப்பாக இருக்கிற உடம்பு சிலருக்கு வாய்க்கும். ஒரு வாரத்தில் தூணில் உரசுவது நின்றது. புண்கள் காய ஆரம்பித்தன. அந்தத் துணியைச் செய்தவர்களை நான் மனசாரக் கும்பிட்டேன். கொட்டாங்கச்சி கனம்கூட இல்லாத வலை, அத்தனை பெரிய உடம்பை அரித்த ஒரு தொல்லையைத் தடுத்து நிறுத்திவிட்டதே.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அக்காவுக்குப் பதுளையில் லைசன்ஸ் விஷயமாக வேலை இருந்தது. போகும்போது சொன்னாள்: "வெயில் தாழ்ந்ததும் சட்டையப் போட்டு பட்டியிலயே விடு. எங்கயும் கூட்டிட்டுப் போகாத."

தலையை ஆட்டினேன். பஸ் வளைவில் மறையும் வரை ஆட்டினேன். பிறகு கவர்னருக்குச் சட்டையை மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் புறப்பட்டேன்.

என் யோசனை இதுதான். சாயங்கால ரயிலைப் படம் பிடிக்க அங்கே வெள்ளைக்காரர்கள் கூடுவார்கள். தேயிலைக்கு நடுவில் ஒரு வரிக்குதிரையைக் கண்டால் விடுவார்களா? படம் எடுப்பார்கள், ஊருக்கு அனுப்புவார்கள், சீசனுக்குச் சவாரி நிறைந்துவிடும். அக்கா வீடு திரும்பும்போது நான் ஒரு தொழிலதிபரின் முகத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

படம் எடுத்தார்கள், அது உண்மை. பாலத்துக்குப் பக்கத்து மேட்டில் நாங்கள் போய் நின்றதும் கூட்டம் மொத்தமும் ரயில் பாதைக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு பெண் கவர்னரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இளநீர் விற்கிறவர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, இது எந்தக் காட்டில் பிடித்தது என்று விசாரித்தார். நான் சிரித்தேனே தவிர இல்லை என்று சொல்லவில்லை. கவர்னர் எல்லோருக்கும் முகம் கொடுத்து நின்றார். அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. எங்களோடு நின்றவர் ஒரு பழைய பந்தயக் குதிரை.

பாலத்தை ஒட்டிய சுரங்கத்துக்குள்ளிருந்து ரயில் விசில் அடித்தது. கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு "ஓ" என்று கத்தியது. விசில், பின்னால் கூட்டத்தின் கூச்சல். கவர்னர் வாழ்நாளில் எத்தனையோ முறை கேட்டுப் பழகிய வரிசை. அவர் காதுகள் நிமிர்ந்ததைப் பார்த்தேன். அடுத்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது, கயிறு என் கையில் இல்லை, நான் இளநீர்க் குவியலில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான்.

அவர் ஓடினார். அந்த ஓட்டத்தை என்னால் மறக்க முடியாது. கோடு கோடாக உடம்பு நீண்டு, தேயிலை ரோட்டில் அவர் பறந்ததைப் பார்த்தபோது, பயத்துக்கு நடுவிலும் என் வாய் "அடேயப்பா" என்றது. நுவரெலியாவில் இதில் பாதி ஓடியிருந்தால் அவர் எங்கள் கைக்கு வந்திருக்கவே மாட்டார். ரோடு வலப்பக்கம் வளைந்தது. கவர்னர் வளையவில்லை, நேராகப் போனார். நேராக இருந்தது கவ்வாத்து மலை.

தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டி விடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டி முடித்த மலையில் இலையே இருக்காது. சரிவாகச் சீவிய குச்சிகள் ஆயிரக்கணக்கில் மேலே பார்த்து நிற்கும். தோட்டத்தில் பிறந்த குழந்தைகூட அதற்குள் நல்ல துணியோடு போகாது. கவர்னர் ஒரு லட்ச ரூபாய்ச் சட்டையோடு போனார்.

கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்களை அங்கே முத்தையா கங்காணி மேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறகு ஊர் முழுக்கச் சொன்னது இதுதான்: "மொதல்ல ஒரு வரிக்குதிர வந்துச்சு. பாதி மலைக்கு வாரப்ப பாதி வரிக்குதிரையா இருந்துச்சு. எங்கள தாண்டிப் போறப்ப வெறுங்குதிரையாப் போச்சு. நா கத்தியக் கீழ போட்டுட்டு கையெடுத்துக் கும்புட்டேன்." ஆட்களில் இரண்டு பேர் அன்றைக்கு அதற்குமேல் வேலை செய்யவில்லை.

நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, மலை நெடுகக் குச்சிகளில் கறுப்பும் வெள்ளையுமாகத் துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. மலையின் அந்தப் பக்கத்தில் கவர்னர் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தார். சட்டையில் கழுத்துப் பகுதியும் வால் மூடியும் மட்டும் மிச்சம். அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு திருப்தி இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக முதலில் வந்திருந்தார்.

நான் பயந்துபோனேன். காசுக்காக அல்ல. சீசனுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. சட்டை இல்லாவிட்டால் சொறி திரும்பும், சொறி திரும்பினால் நுவரெலியா லொறி வரும். கவர்னரை அனுப்பி வைக்கப் போகிறவன் நான்தான் என்ற எண்ணம் வந்ததும், அந்தக் குச்சிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். (இருபத்து மூன்று வயது. மீசை இருந்தது.)

பக்கத்து மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். வரிசையாக இறங்கி வந்து, கொழுந்தைக் கிள்ளும் அதே விரல்களால் குச்சிகளிலிருந்து துண்டுகளை எடுக்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு துண்டை இழுத்து மேலும் கிழிப்பதற்குள் அவர்கள் ஒரு நிரை முடித்திருப்பார்கள். ஒரு நூல்கூட அறாமல் எடுத்து, கொழுந்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அதனால் அன்று நிறுவையில் கொழுந்தோடு வரிக்குதிரையும் நிறுக்கப்பட்டது. கணக்கப்பிள்ளை பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த ரகத் தேயிலை என்று கேட்டாராம்.

அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் தோட்டத்தில் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். நான் கொட்டில் வாசலில் ஒரு உரப்பை நிறையத் துண்டுகளோடு நின்றேன். பேச வேண்டிய வசனத்தை யோசித்து வைத்திருந்தேன்.

அக்கா என்னைத் தாண்டிக் கவர்னரிடம் போனாள். நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்தாள். வயிறு, மார்பு, தொடை என்று கையால் தடவிக்கொண்டே வந்தாள். முன்னங்காலில் ஒரு கீறல், அவ்வளவுதான். குச்சிகள் கிழித்ததெல்லாம் சட்டையைத்தான். கொசுவுக்காகச் செய்த துணி, ஒரு மலை நிறையக் குச்சிகளைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அவரைக் காப்பாற்றியிருந்தது.

"ஒண்ணும் ஆகல," என்றாள். அது எனக்குச் சொன்னதா கவர்னருக்குச் சொன்னதா தெரியவில்லை. பிறகு உரப்பையைத் தரையில் கொட்டி, ஒரு துண்டை எடுத்து லைட்டுக்கு நேரே பிடித்தாள். தையலை விரலால் நெருடினாள். திட்டு ஆரம்பிக்கப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"தச்சவ கை நல்ல கைடா. துணிதான் கிழிஞ்சிருக்கு, ஒரு தையலும் விடல." உள்மடிப்பில் இருந்த சின்னச் சீட்டைப் புரட்டிப் பார்த்தாள். "எங்கயோ ஒரு ஃபாக்டரி லைன்ல உக்காந்து ஒருத்தி தச்சிருக்கா. இந்த வளைவுக்கு அவளுக்கு எத்தன ஊசி ஒடஞ்சிச்சோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் லட்சத்தைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், விளம்பரத்தைப் பார்த்தேன். அந்தத் துணியை ஒருத்தி தைத்திருப்பாள் என்பது என் கணக்கில் எங்கேயும் வரவில்லை. எனக்கு என் அக்காமேல் அந்த நிமிடம் வந்த மதிப்பு இன்றைக்கு வரை குறையவில்லை. அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் கொட்டிலைக் கழுவச் சொல்வாள்.

அடுத்த நாள் அக்கா துண்டுகளைத் தரையில் பரப்பி, கிழிந்த சட்டையையே அளவாக வைத்து வெட்ட ஆரம்பித்தாள். பண்டாரவளையில் தக்காளிக் கூடாரங்களுக்குப் பூச்சி புகாமல் கட்டும் பச்சை வலை இருக்கிறதே, அதை வாங்கி வரச் சொன்னாள். (என்னைத்தான். கூடவே ஒரு ஆளையும் அனுப்பினாள்.) விலாவுக்கும் முதுகுக்கும் அந்த வலை. துணி அதிகம் தேய்கிற மார்புக்கும் தோளுக்கும், கொழுந்தெடுக்கும் பெண்கள் செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டுவார்களே, அந்தப் படங்குத் துணி. துண்டு பொறுக்கிய பெண்களே ஆளுக்கொன்று கொண்டு வந்து கொடுத்தார்கள். வருடக்கணக்கில் தேயிலைச் செடியோடு உரசியும் கிழியாத துணிக்கு வேறு சிபாரிசு தேவையில்லை. அக்கா ஒரு வாரம் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சமையல் என்னுடையது என்பதால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மெலிந்தோம். வெயில் தாழ்ந்ததும் கவர்னர் பக்கத்தில் நின்று இலைக்கொத்தால் கொசு விரட்டுவதும் என் வேலை.

சட்டை தயாரானது. கழுத்தில் ஆபிரிக்கா, விலாவில் பண்டாரவளை, மார்பில் எங்கள் தோட்டம், வாலில் மறுபடியும் ஆபிரிக்கா. கவர்னர் அதையும் அதே தோரணையோடு போட்டுக்கொண்டார்.

சொன்னபடி நுவரெலியாக்காரர் லொறியோடு வந்தார். அக்கா கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையை உருவினாள். புண் இருந்த இடமெல்லாம் புது மயிர் அரும்பியிருந்தது. அவர் கவர்னரைச் சுற்றி வந்தார். பிறகு சட்டையைச் சுற்றி வந்தார். கவர்னரைப் பற்றிய பேச்சையே எடுக்காமல், தன்னுடைய குதிரைகள் இரண்டுக்கும் இதே சொறி இருக்கிறது, இந்த மாதிரி இரண்டு தைத்துத் தர முடியுமா, எத்தனை வருடம் வரும் என்று கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக நான் வகுக்காமல் இருந்தேன்.

"கவ்வாத்து மலைக்குள்ள விடலன்னா ரொம்ப நாள் வரும்," என்றாள் அக்கா.

லொறி காலியாகத் திரும்பிப் போனது.

அந்தச் சட்டை விளம்பரத்தில் போட்டிருந்த மூன்று வருடத்தையும் கடந்துவிட்டது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, முதலில் வாங்கியதில் இப்போது வால் மூடி மட்டும்தான் மிச்சம் என்று நினைக்கிறேன். என் நிலைமை வேறு. எங்கள் வீட்டில் யார் எதை வாங்கினாலும் என்னைக் கூப்பிட்டு "ஒரு நாளைக்கு எத்தன டீ வருது?" என்று கேட்பார்கள். என் கல்யாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்கப் போன கடையில், பெண் வீட்டார் முன்னால் அக்கா அதைக் கேட்டாள். கல்யாணத்தன்று ஒரு தடவைதான் கட்டுவேன் என்று என் மனைவியாகப் போகிறவள் நிதானமாகச் சொன்னாள். கடைக்காரர் எதற்கு எல்லோரும் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தார்.

இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். கவர்னரைத்தான் முடியவில்லை. சாயங்காலச் சவாரி முடிந்ததும் சட்டையை மாட்டித்தான் வீட்டுக்குக் கூட்டி வருவோம். கொசு வருகிற நேரம் அது. வழியில் அந்தக் கவ்வாத்து மலையின் மூலை வரும்; செடிகள் எப்போதோ தழைத்துவிட்டன. அக்கா கயிற்றைப் பிடித்தால் நடப்பார். என் மனைவி பிடித்தாலும் நடப்பார். என் கையில் கயிறு இருந்தால் மட்டும் அந்த மூலையில் நின்று, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பார். தட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், வெல்லம் கொடுத்துப் பார்த்தேன். வெல்லத்தைத் தின்றுவிட்டு நின்றார்.

அதனால் இப்போது ஓர் ஏற்பாடு. அந்த மூலை வந்ததும் அக்கா கயிற்றை வாங்கிக்கொள்வாள். நான் பின்னால் போய், மிச்சமிருக்கும் அந்த வரிக்குதிரை வாலை இரண்டு கையாலும் செடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மலை முடியும் வரை அவர் பின்னாலேயே நடந்து வருவேன்.